ஹெவ்மொன்ஸ்கியின் மேய்ச்சல் பெண்: மண் படிந்த பாதங்கள் ஏன் உறுத்தின?

கேள்வி: காரைக்குடி ஓவிய மாணவி

போலந்து ஓவியர் யூசெஃப் ஹெவ்மொன்ஸ்கி 1875-ஆம் ஆண்டில் வரைந்த 'பாபியே லாத்தோ' என்னும் ஓவியத்தைச் சில மாதங்களாகக் கூர்ந்து பார்த்து வருகிறேன். இலையுதிர் காலத்து இளவெயில் நாளொன்றில், மாடு மேய்க்க வந்த ஓர் ஏழைப் பெண் மேய்ச்சல் வெளியில் மல்லாந்து படுத்து, காற்றில் மிதந்து வந்த சிலந்தி நூலொன்றைக் கையுயர்த்திப் பிடித்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு கரிய நாய் அமர்ந்திருக்க, மந்தை வெகு தொலைவில் நிற்கிறது. படத்தில் வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும், வார்சா நகரில் இது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அந்தப் பெண்ணின் அழுக்கேறிய வெறும் பாதங்களைப் பார்த்துப் பலரும் முகம் சுளித்தார்கள் என்றும், இப்படிப்பட்ட அற்பமான பொருளை ஏன் இவ்வளவு பெரிய கித்தானில் வரைய வேண்டும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள் என்றும் படித்தேன்.

இதை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் தை அறுவடை முடிந்ததும் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து வயல்களில் கிடை அமர்த்துவார்கள். அவர்களை வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் தெய்வப் படங்கள் இருக்கின்றன, ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் இருக்கின்றன, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த படங்கள் இருக்கின்றன, முன்னோர்களின் நிழற்படங்களும் வரிசையாக இருக்கின்றன. ஆனால் வயலில் நின்றவரும் ஆடு மேய்த்தவரும் அந்தச் சுவர்களில் நான் பார்த்தவரையில் எங்கும் இல்லை. கிடையில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியை நான் வரைந்து காட்டியபோது, பார்த்தவர் ஒருவர், "பித்தவெடிப்பு விழுந்த காலை எதற்காக இப்படித் துலக்கிக் காட்டுகிறாய், புல்லை வரைந்து மறைத்துவிடலாமே" என்றார். அன்றிலிருந்து ஹெவ்மொன்ஸ்கியின் அந்தப் பெண் என் மனத்தை விட்டு அகலவில்லை.

என் ஐயங்கள் இரண்டு. அக்காலத்து வார்சா மக்களுக்கு உண்மையில் உறுத்தியது எது? அடுத்து, குடியானவர்களை வரைந்த படங்களைப் பாரீசிலும் அமெரிக்காவிலும் இருந்த செல்வர்களுக்கு விற்று வாழ்ந்த ஒருவரை, என்னைப் போன்றவர்கள் வழிகாட்டியாகக் கொள்வது முறையாகுமா?


மறுமொழி: தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்

அன்புள்ள மகளுக்கு, முதல் ஐயத்துக்கு விடை காண ஓவியத்திலிருந்து சற்று விலகி, அன்றைய போலந்தின் நிலையைப் பார்க்க வேண்டும். 1795-க்குப் பிறகு போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன, 1918 வரை அந்த நிலை நீடித்தது. ஹெவ்மொன்ஸ்கி பிறந்த போச்கி என்னும் சிற்றூர், வோவிச் நகருக்கு அருகில், ரஷ்யப் பங்கில் இருந்தது. அவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது, ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வெடித்து அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, குடியானவர்களைப் பிரபுக்களிடமிருந்து பிரித்துத் தன் பக்கம் இழுக்கும் நோக்கமும் கொண்டு, ரஷ்யப் பேரரசர் அப்பகுதியில் பண்ணையடிமை முறையை ஒழித்து உழுதவர்களுக்கு நிலத்தை உரிமையாக்கினார். நீங்கள் கூறும் ஓவியம் வெளிவந்தபோது அந்த ஆணைக்கு வயது பதினொன்றுதான். ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர்களில் பலர், கிளர்ச்சியில் உறவினரையோ உடைமையையோ இழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

அவர்கள் ஓவியத்திடம் எதிர்பார்த்தது வேறு. கிராகோவ் நகரத்து யான் மாத்தேய்கோ 1866-இல் வரைந்த 'ரெய்தான்', நாட்டின் முதல் பிரிவினையை ஏற்க மறுத்து அவையின் வாயிலில் விழுந்து மறித்த ஒருவரைக் காட்டுகிறது. அரசும் படையும் இல்லாமற்போன மக்களுக்கு அத்தகைய வரலாற்று ஓவியங்களே நாடாக இருந்தன. பெரிய கித்தான் என்பது மன்னர்களுக்கும் தியாகிகளுக்கும் உரியது என்ற எண்ணம் வெறும் பழக்கத்தினால் வந்ததன்று. அதில் ஒரு மக்களின் துயரம் இருந்தது. ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரமும் 156 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கித்தானை முழுவதும் எடுத்துக்கொண்டு, ஒரு மேய்ச்சல்காரப் பெண் எதுவும் செய்யாமல் படுத்திருக்கிறாள் என்பதுதான் முதல் உறுத்தல் என்று நான் கருதுகிறேன். அவள் அழவில்லை, கையேந்தவில்லை, பிரார்த்திக்கவுமில்லை. பார்ப்பவரின் இரக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. பாதங்கள் அந்த உறுத்தலுக்குக் கிடைத்த கைப்பிடி மட்டுமே.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. அந்தப் பரந்த வெளி, வெளியில் அமர்ந்து வரையப்பட்டதன்று. 1872-இலும் 1874-இலும் பொதோலியா, உக்ரைன் பகுதிகளில் சுற்றித் திரிந்துவிட்டு வந்த ஹெவ்மொன்ஸ்கி, வார்சாவின் 'ஹோட்டல் யூரோபெய்ஸ்கி' என்னும் விடுதியின் மேல்தளத்தில் நண்பர்களுடன் பகிர்ந்துகொண்ட பணியறையில்தான் அதை வரைந்தார். அந்த அறையில் உடனிருந்தவர்களில் ஒருவர் ஸ்தானிஸ்வாவ் வித்கியெவிச். பின்னாளில் விமர்சகராகி, படைத்தலைவர் ஒருவரின் வெற்றியை வரைந்தாலும் கிழங்கு தோண்டும் குடியானவப் பெண்ணை வரைந்தாலும் ஓவியத்தின் மதிப்பு வரைந்த விதத்தில்தான் இருக்கிறது என்று வாதிட்டவர் அவர். இன்னொருவர் ஆதாம் ஹ்மியெலோவ்ஸ்கி, 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஒரு காலை இழந்தவர். பின்னர் ஓவியத்தைத் துறந்து கிராகோவின் வீடற்ற ஏழைகளுடன் வாழ்ந்தார், கத்தோலிக்கத் திருச்சபை 1989-இல் அவரைப் புனிதராக அறிவித்தது. வெளியில் பார்த்ததை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்து, நகரத்தின் நடுவில், நாற்சுவருக்குள் அவர் வரைந்த வானம் அது. அவருடைய மெய்ம்மை நினைவாற்றலைச் சார்ந்தது. எதிரில் இருப்பதைப் பார்த்துப் படியெடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அவர் குடியானவரும் அல்லர். குத்தகை நிலத்தை நடத்திய சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். வார்சாவில் வோய்சியெக் கெர்சன் என்னும் ஓவியரிடம் பயின்றார். அந்த ஆசிரியர் மாணவர்களை ஊர்ப்புறம் அழைத்துச் சென்று நிலத்தையும் மக்களையும் பார்க்கப் பழக்கியவர். 1870-இல், படிப்புக் காலத்திலேயே, கொக்குகள் புறப்பட்டுச் செல்வதை ஹெவ்மொன்ஸ்கி வரைந்திருக்கிறார். பிறகு மியூனிக் சென்று 1873-இல் வரைந்த 'ஊர்த்தலைவர் முன் வழக்கு' என்னும் படத்தில், பனி மூடிய தெருவில் கூடிநிற்கும் ஊர்மக்கள் ஒவ்வொருவரும் நிற்கும் நிலையே அவரவர் வழக்கைச் சொல்கிறது. கீதாரி குடும்பத்தில் பிறக்காத நீங்கள் அவர்களை வரையலாமா என்பதும் உங்கள் கேள்விக்குள் மறைந்திருப்பதாக நான் உணர்கிறேன். அதற்கு இந்த ஓவியரின் வாழ்க்கையே போதிய விடை.


மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

ஆசிரியர் ஐயா எழுதிய வரலாறு எனக்கு முழுவதும் உடன்பாடு. ஆனால் பெண்ணின் இரண்டாவது கேள்வியை அவர் தொடாமலே விட்டுவிட்டார். அதுதான் கடினமான கேள்வி என்பது என் எண்ணம்.

வார்சாவில் மதிப்புக் கிடைக்காமல் 1875-இல் பாரீஸ் சென்ற ஹெவ்மொன்ஸ்கி, 1887 வரை அங்கேயே வாழ்ந்தார். கூப்பில் என்னும் பெரிய ஓவிய வணிகர் அவர் படங்களை வாங்கினார், அமெரிக்கச் செல்வர்கள் விரும்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டவை யாவை? பனியில் பறக்கும் சறுக்கு வண்டிகள், புழுதி கிளப்பி ஓடும் குதிரைகள், சந்தைகள், சத்திரத்து வாசல்கள். மேற்கு ஐரோப்பியரும் அமெரிக்கரும் கிழக்கு என்று எதைக் கற்பனை செய்தார்களோ, அதையே அவருடைய கை மீண்டும் மீண்டும் வழங்கியது. பாரீசின் அறைக்குள் இருந்துகொண்டு, போலந்தின் சேற்றை நினைவிலிருந்து எடுத்துத் தந்தார். நினைவாற்றல் அவருடைய வலிமை என்று ஐயா சொல்கிறார். அந்த வலிமையே அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவரைத் தேய வைத்தது என்று நான் சொல்வேன். நினைவு புதுப்பிக்கப்படாதபோது அது வாய்பாடாகிவிடுகிறது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு இது விளங்கும்: வெளியூரிலிருந்து வருகிறவர் 'செட்டிநாடு' என்று எதைக் கேட்கிறாரோ, அதுவே நாளடைவில் கடையில் மிகுதியாகக் கிடைக்கிறது.

இருப்பினும் அந்தக் காலம் முழுவதையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1881-இல் அவர் வரைந்த 'நான்கு குதிரைகள்' பாரீஸ் காலத்ததே. 275 சென்டிமீட்டர் உயரம், 660 சென்டிமீட்டர் அகலம். இன்று கிராகோவின் பழைய துணிச்சந்தைக் கட்டடத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே நிறைத்துக்கொண்டிருக்கிறது. சேற்றை வாரியிறைத்தபடி நான்கு குதிரைகளும் பார்ப்பவரை நோக்கி நேரே வருகின்றன. சந்தைக்காக வரைந்தவர் என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தின் முன்னால் நிற்க முடியாது.

என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. ஹெவ்மொன்ஸ்கியின் குடியானவர்கள் பசித்திருப்பதை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஏழை என்பது பாதங்களில் தெரிகிறது, ஆனால் அவள் ஏழையாக இருப்பதற்கு யாரும் காரணமில்லை என்பதுபோல் வானம் அத்தனை அழகாக இருக்கிறது. கிராகோவை அடுத்த லுத்வினூவில் பிறந்த அலெக்சாந்தர் கோத்சிஸைப் பாருங்கள். 1868-இல் தாய் இறந்துபோன குடிசையில் நிற்கும் பிள்ளைகளை வரைந்தார். 1870-இல், ஒரு குடும்பத்தின் எஞ்சிய ஒரே உடைமையான மாடு கைவிட்டுப் போவதை வரைந்தார். அலெக்சாந்தர் கியெரிம்ஸ்கி 1894-இல் வரைந்த 'குடியானவரின் சவப்பெட்டி' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வீட்டுச் சுவரோரம் தாயும் தந்தையும் அமர்ந்திருக்கிறார்கள், அருகில் குழந்தையின் சவப்பெட்டி. இருவரும் அழவில்லை, வெயில் மட்டும் சுவரில் விழுந்திருக்கிறது. கீதாரிகளை வரைய விரும்பும் பெண், அவர்கள் மழையிலும் பனியிலும் திறந்தவெளியில் உறங்குவதையும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தவறவிடுவதையும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு வழிகாட்ட ஹெவ்மொன்ஸ்கி ஒருவர் போதமாட்டார். கியெரிம்ஸ்கியை அருகில் வைத்துக்கொள், அம்மா.


மறுமொழி: காரைக்குடி ஓவிய மாணவி

ஐயாவுக்கும் ஆச்சிக்கும் என் பணிவான நன்றி. கோத்சிஸ் என்னும் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஆச்சி கூறியது ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. துயரத்தைக் காட்டினால்தான் ஏழையை உண்மையாக வரைந்ததாகுமா? கிடையில் நான் பார்த்த மூதாட்டி, வெயில் தாழ்ந்ததும் குட்டிகளைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டு, வெற்றிலை மென்றபடி நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரைத் துயரத்தின் வடிவமாக வரைந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்று தோன்றுகிறது. அதற்காக அழகாக மட்டும் வரைந்தால், ஆச்சி கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்காது.


மறுமொழி: திருப்பத்தூர் வட்டம், உழவர்

நான் ஓவியம் கற்றவன் அல்லன். பறவைகள் மீதுள்ள ஈடுபாட்டால் ஹெவ்மொன்ஸ்கியிடம் வந்து சேர்ந்தவன். எங்கள் ஊருக்கு அருகில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஊர்மக்கள் கண்மாயில் வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஆகவே, 1900-ஆம் ஆண்டில் அவர் வரைந்த 'செங்கால் நாரைகள்' என்னும் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அது அயல்நாட்டுப் படமாகத் தெரியவில்லை.

உழவர் ஒருவர் ஏரை நிறுத்திவிட்டுத் தரையில் அமர்ந்து உண்கிறார். அருகே அவருடைய மகன், வெறுங்காலுடன், நிற்கிறான். பின்னால் எருதுகள் ஓய்வெடுக்கின்றன, அப்பால் ஊரின் குடிசைகள். வானத்தில் நாரைகள் கூட்டமாக வருகின்றன. தந்தையும் மகனும் தலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். தென்திசை சென்றிருந்த நாரைகள் வசந்தத்தில் ஊர் திரும்பும் பொழுது அது. போலந்தின் நாரைகள் பாஸ்பரஸ் நீரிணை வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்புபவை. இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வரும் செங்கால் நாரைகள் நடு ஆசியாவிலிருந்து வருபவை. ஆகவே இரண்டும் ஒரே கூட்டமல்ல, ஒரே இனம்.

ஆச்சி அவர்களின் கேள்விக்கு இந்தப் படத்தில் ஒரு விடை இருப்பதாக நான் நம்புகிறேன். இதிலும் பசி இல்லை, பறிமுதல் இல்லை, சவப்பெட்டி இல்லை. ஆனால் உழுகிறவன் எப்போது ஏரை நிறுத்துவான், நிறுத்தியபின் மாடு எப்படி நிற்கும், உணவை மடியருகே வைத்துக்கொண்டவன் தலையை மட்டும் எப்படித் திருப்புவான் என்பதெல்லாம் அறிந்த ஒருவர்தான் அதை வரைந்திருக்க முடியும். உழவனுக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வு அவ்வளவுதான். அந்தச் சிறு பொழுதிலும் அவன் பார்ப்பது பருவத்தை. பறவை வந்துவிட்டதா என்று பார்ப்பது அவனுக்கு வேடிக்கையன்று, விதைப்புக்கான கணக்கு. எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத ஆண்டுகளில் பறவைகளின் வரத்தும் குறைந்துவிடும், எங்களுக்கும் நடவு இல்லை. அந்தத் தந்தை மகன் இருவரின் முகத்தையும் நான் அந்தக் கணக்கோடுதான் பார்க்கிறேன். ஏழையின் உழைப்பை அவனுடைய அறிவாகக் காட்டுவதும் அவனுக்குச் செய்யும் நியாயமே.

இதை அவர் பாரீசில் இருந்து வரையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1887-இல் நாடு திரும்பி, 1889-இல் மசோவியாப் பகுதியில் குக்லூஃப்கா என்னும் ஊரில் ஒரு சிறிய பண்ணைவீட்டை வாங்கி, 1914-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதே 1889-இல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கு உயரிய பரிசும் கிடைத்தது. அந்தப் புகழோடு அவர் பெருநகரத்திலேயே இருந்திருக்கலாம். பனிவெளியில் ஒன்றையொன்று ஒண்டியபடி காற்றை எதிர்த்து நடக்கும் கௌதாரிகளை அவர் 1891-இல் வரைந்தார். அந்தப் படத்தில் மனிதர் எவருமில்லை, பனியும் பறவைகளும் மட்டுமே. நினைவு புதுப்பிக்கப்படாவிட்டால் வாய்பாடாகிவிடும் என்று ஆச்சி எழுதியது சரிதான். அதை ஹெவ்மொன்ஸ்கியும் உணர்ந்ததனால்தான் சேற்றுக்கே திரும்பினார் என்பது என் எண்ணம். பாரீசை வைத்து அவரை மதிப்பிடுவதானால், குக்லூஃப்காவில் வாழ்ந்த கால் நூற்றாண்டையும் தராசில் வைக்க வேண்டும்.


மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

உழவர் தம்பி எழுதியதை நான் ஏற்கிறேன். 1875-இல் பெண்ணின் பாதத்தைக் கண்டு முகம் சுளித்த அதே நாட்டில், இன்று பள்ளிப் பிள்ளைகள் அறிந்த படங்களில் ஒன்றாக அந்த உழவனும் சிறுவனும் நாரைகளும் ஆகியிருப்பது எளிதில் நடந்ததன்று. இருந்தாலும் கியெரிம்ஸ்கியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சவப்பெட்டியருகே அமர்ந்திருக்கும் தாயிடம் பருவக் கணக்கு எதுவும் பேச முடியாது. இரண்டு ஓவியர்களும் பத்தாண்டுகளுக்குள் வரைந்த படங்கள் இவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இரண்டும் வார்சா தேசிய அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன, அங்கே போக வாய்ப்புள்ளவர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றின் முன்னாலும் நில்லுங்கள்.


மறுமொழி: தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்

மகளே, இனி வரைவதைப் பற்றிச் சில சொற்கள். 'பாபியே லாத்தோ'வும் வார்சா தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதன் தெளிவான நிழற்படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதில் பாதங்கள் மறைக்கப்படவில்லை என்பதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கண் எந்த வழியாகப் போகிறது என்று கவனியுங்கள். என் பார்வையில், முதலில் உயர்ந்த கையும் அது பிடித்திருக்கும் நூலும் தெரிகின்றன, பின் முகம், பின் உடலின் நீளம், அதற்குப் பிறகே பாதம். பாதம் அங்கே புகாராக வைக்கப்படவில்லை. அது அவளுடையது என்பதால் இருக்கிறது. உங்கள் படத்தைப் பார்த்தவருக்குப் பித்தவெடிப்பு உறுத்தியது என்றால், அதை அழிப்பதற்கு முன், கண்ணை நீங்கள் முதலில் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று பாருங்கள். மூதாட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினீர்கள். அந்தப் பார்வை உங்கள் படத்தில் இருக்கிறதா?

அடுத்த முறை கிடைக்குப் போகும்போது வரைதாளை எடுத்துச் செல்ல வேண்டாம். அவர்களுடன் பேசி, குட்டிகளை அடைப்பதற்குக் கைகொடுத்து, வெளிச்சம் மறையும்வரை இருந்துவிட்டு வாருங்கள். மறுநாள் உங்கள் அறையில் அமர்ந்து, மனத்தில் நின்றதை மட்டும் கரிக்கோலால் வரையுங்கள். நிழற்படத்தைத் திறக்காதீர்கள். தெளிவில்லாமல் போன இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களைப் பார்ப்பதற்காகவே மீண்டும் செல்லுங்கள். பங்குனி முடியும்வரை கிடை இருக்கும். ஆச்சி சொன்னவற்றை அப்போது அந்த மூதாட்டியிடமே கேட்டும் பார்க்கலாம். மழைக்கு எங்கே ஒதுங்குவார்கள், பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபின் அவருடைய கைகளை நீங்கள் வரையும் விதம் மாறக்கூடும். முதல் கோட்டுப்படம் ஆனதும் இங்கே பதிவிடுங்கள். நாங்கள் மூவரும் பார்த்துக் கருத்துச் சொல்கிறோம்.